முயலின் காதுக்குள் பொருக்கு கட்டியிருக்கிறது, வேப்பெண்ணெய் விட்டால் போகுமா?

பொருக்கைப் பிய்க்காதீர்கள். வேப்பெண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன். இதை முதலில் சொல்லக் காரணம், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். ஒரு ஆனிச் சாரலில் எங்கள் வீட்டுப் பெட்டை முயல் சும்மா சும்மா தலையை உதறியது, பின்னங்காலால் காதைப் பிறாண்டியது. மழை ஈரத்தில் ஏதோ அரிப்பு என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். பிறகு காதை மலர்த்திப் பார்த்தால், உள்ளே பிண்ணாக்குத் துண்டை அப்பி வைத்ததுபோல அடுக்கடுக்காகப் பொருக்கு. ரப்பர் சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துப் பழகிய கை, சும்மா இருக்குமா? ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்கினேன். முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பொருக்கோடு தோலும் வந்துவிட்டது. ரத்தம் என் மணிக்கட்டு வரை வழிந்தது. முயல் தன் உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் தணிக்கிறது, அதனால் காது முழுக்க ரத்தக் குழாய்.

பழக்கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் திட்டவில்லை. கீழே விழுந்த ஒரு துணுக்கைக் கறுப்பு அட்டையில் வைத்து லென்சை என் கையில் கொடுத்தார். உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள், நகர்ந்தன. சோரோப்டிஸ் என்கிற சிற்றுண்ணியாம். காது சொறி என்று முயல் வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். உண்ணி செத்தால் பொருக்கு பத்துப் பதினைந்து நாளில் தானாகவே உதிரும், கை வைக்கவே வேண்டாம் என்றார்.

மருந்து ஐவர்மெக்டின் ஊசி, தோலுக்கடியில். முட்டையை அது கொல்லாது. அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும், காது சுத்தமாகிவிட்டது என்று அதை விட்டுவிடக் கூடாது. மாட்டுக்கு வாங்கிய குப்பி வீட்டில் இருக்கிறதே என்று நீங்களாகப் போடவும் வேண்டாம். அது 50 கிலோவுக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் உள்ள மருந்து. இரண்டு கிலோ முயலுக்கு எத்தனை துளி வரும் என்று பாருங்கள், கை கொஞ்சம் தவறினாலும் அளவு பல மடங்கு ஏறிவிடும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தையும் தொடாதீர்கள், முயலுக்கு அது விஷம். கடைக்காரர் ஒருவர் அதைத்தான் என்னிடம் எடுத்து நீட்டினார்.

சரி, வேப்பெண்ணெய். நானும் விட்டுப் பார்த்தேன். பாதி சுவரில் தெறித்தது, மீதியை முன்னங்காலால் துடைத்து நக்கிவிட்டது. அடுக்குப் பொருக்குக்குள் இருக்கும் உண்ணி வரை எண்ணெய் போய்ச் சேருவதில்லை. கற்பூரம் கலந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருக்கு காதுக்குள் இல்லாமல் காது விளிம்பிலும் மூக்கிலும் நகத்தடியிலும் வெள்ளையாக இருந்தால் அது வேறு சொறி. தூக்குகிற உங்கள் கையிலும் அரிப்பு வரும். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் நோய் உள்காது வரை போயிருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

கூட்டில் விரித்திருக்கும் சாக்கை எரித்துவிடுங்கள். இந்த உண்ணி முயல் உடம்பை விட்டு வந்தும் மூன்று வாரம் வரை உயிரோடு கிடக்கும். கூட்டை வெயிலில் போடலாம் என்றால் நம் ஊர்ச் சாரலில் எங்கே வெயில்? நான் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, விறகடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திக் காய வைத்தேன்.

கூட இருக்கும் இன்னொரு முயலுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுடைய கடுவனுக்கும் அப்போது ஒன்றும் இல்லைதான், அடுத்த மாதம் அதுவும் தலையை உதற ஆரம்பித்தது. இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள்.