குழந்தைக்கு சென்ட்ரல் லைன் போட்ட பிறகு எதற்கு எக்ஸ்-ரே?

சென்ட்ரல் லைன் என்பது மருந்தும் திரவமும் ஏற்ற, இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாய் வரை செலுத்தும் மெல்லிய குழாய். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில், லைன் போட்டபின் எடுக்கும் படத்தைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

"ஐசியூவில் என் நாலு வயசு மகளுக்கு ஸ்கேன் வைத்துப் பார்த்தேதான் கழுத்தில் லைன் போட்டார்கள். அப்புறமும் எதற்கு எக்ஸ்-ரே? கதிர்வீச்சு பிள்ளைக்கு ஆகாதே?" – குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா

ஊசி சரியான ரத்தக் குழாய்க்குள் போகிறதா என்பதைக் கழுத்தில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நன்றாகக் காட்டும் அம்மா. ஆனால் லைனின் நுனி எங்கே போய் நிற்கிறது என்பது மார்பெலும்புக்குப் பின்னால் மறைந்துவிடும். சில சமயம் லைன் கீழே இறங்காமல் எதிர்த் தோள் பக்கம் திரும்பிவிடும். உடம்பின் மேல்பாதி ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை, இதயத்தின் வலது மேலறையோடு சேரும் இடத்தையொட்டி நுனி இருப்பதுதான் நல்லது. ரொம்ப மேலே நின்றால் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். ரொம்ப உள்ளே போனால் இதயச் சுவரில் உரசும். ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுக் காற்று கசிந்திருக்கிறதா என்பதற்கும் அதே படத்தைத்தான் பார்க்கிறோம்.

ஒரு நெஞ்சு எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோருக்கும் இயற்கையாக வந்து சேர்வது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. அதாவது, இந்த ஒரு படம் இரண்டு மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். இதற்காகப் படத்தை மறுக்காதீர்கள். காரணமே இல்லாமல் தினம் ஒரு படம் எடுத்தால் மட்டும் ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஈய ஏப்ரன் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தால் நீங்கள் பிடிக்க வேண்டாம், வேறு யாராவது பிடிக்கட்டும்.

"குறைமாதக் குழந்தைக்குக் கையில் பிக் லைன் (கைச் சிரை வழியாகப் போடும் சென்ட்ரல் லைன்). முதல் படத்தில் நுனி சரியாக இருந்தது. மறுநாள் இதயத்துக்குள் தெரிகிறது. லைனை யாரும் தொடவில்லை, பிளாஸ்திரியும் அப்படியே இருக்கிறது." – ராணிப்பேட்டை, என்ஐசியூ (பச்சிளங்குழந்தைகள் ஐசியூ) ஸ்டாஃப் நர்ஸ்

சிஸ்டர், இரண்டு படத்திலும் குழந்தையின் கை எப்படி இருந்தது என்று பாருங்கள். பசிலிக் என்ற கையின் உள்பக்கச் சிரை வழியாகப் போட்ட லைன், கையை உடம்போடு சேர்த்தால் இதயத்தை நோக்கி இறங்கும், விரித்தால் மேலே ஏறும். முழங்கையை மடக்கினாலும் உள்ளே போகும். கைக்குட்டை அளவு நெஞ்சில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். அதனால் எல்லாப் படமும் ஒரே நிலையில் எடுக்க வேண்டும். கையை உடம்போடு சேர்த்து, முழங்கையை மடக்கி எடுப்பது நல்லது, ஏனென்றால் நுனி அதிகபட்சம் எவ்வளவு ஆழம் போகும் என்பது அதில் தெரிந்துவிடும். கை எப்படி இருந்தது, வெளியே எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது, இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

அந்த நிலையிலும் நுனி இதயத்துக்குள் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் வெளியே இழுக்க வைக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மெல்லிய இதயச் சுவரை நுனி அரித்துவிட்டால், ஏறும் திரவம் இதய உறைக்குள் தேங்கும். நன்றாக இருந்த குழந்தையின் இதயத்துடிப்பு திடீரென்று இறங்கும், நிறம் வெளுக்கும். லைன் இருக்கும் குழந்தைக்கு இப்படி ஆனால் முதலில் திரவத்தை நிறுத்துங்கள், உடனே எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) சொல்லுங்கள். இதை வார்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"தொடையில் போட்ட லைனுக்கும் படம் வேண்டுமா?" – ஆரணி, பயிற்சி மருத்துவர்

வேண்டும், வயிற்றுப் படம். இடது தொடையிலிருந்து போகும் லைன் சில சமயம் பெருஞ்சிரைக்குப் போகாமல் முதுகெலும்பை ஒட்டிய சிரைக்குள் ஏறிவிடும். முன்பக்கப் படத்தில் சரியாக இருப்பதுபோலவே தெரியும். போக்கில் சின்ன வளைவு இருந்தாலும், ரத்தம் திரும்ப வரத் தயங்கினாலும் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்துவிடுங்கள். தண்டுவடத்துக்கு ஆபத்து வரக்கூடிய இடம் அது.

ஸ்கேன் பழகியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்து, கை வழியாகப் போட்ட லைனில் சலைனை வேகமாகத் தள்ளும்போது எக்கோவில் வலது மேலறைக்குள் சட்டென்று குமிழிகள் சுழன்றால் நுனி அருகில்தான் இருக்கிறது. படுத்தபடி எடுத்த எக்ஸ்-ரேயில் தப்பிவிடும் கொஞ்சக் காற்றையும் நுரையீரல் ஸ்கேன் பிடித்துவிடும்.

"மகனுக்கு கீமோ போர்ட் (கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் லைன்) வைத்தார்கள். அப்புறம் எக்ஸ்-ரே எடுக்கவே இல்லை. விட்டுவிட்டார்களா?" – ஆம்பூர், ஒரு அப்பா

பெரும்பாலும் இல்லை ஐயா. ஆபரேஷன் தியேட்டரில் ஃப்ளோரோஸ்கோப்பியில் (திரையில் ஓடும் எக்ஸ்-ரே) நுனியைப் பார்த்துக்கொண்டே வைத்து, கடைசிப் படத்தையும் சேமித்திருந்தால், மூச்சுத்திணறல் இல்லாத குழந்தைக்குத் தனிப் படம் தேவைப்படாமல் போகலாம். அந்தக் கடைசிப் படத்தின் பிரதியை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் போர்ட்டைப் பயன்படுத்த நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.