பொது வார்டில் இருக்கும் அப்பாவை நரம்பியல் நிபுணர் எப்போது பார்ப்பார்?

காய்ச்சலுக்குச் சேர்த்த அப்பாவுக்கு வார்டில் வலிப்பு வந்தது, நரம்பியல் நிபுணர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, தனியாருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியப்பாவுக்கும் இதே நிலை வந்தது. வார்டில் கூடவே இருந்தேன்.

சிங்கப்பூரில் வார்டு மருத்துவர் கேட்டால்தான் வேறு துறை நிபுணர் வருவார். அந்தக் கோரிக்கையை இங்கே ‘ப்ளூ லெட்டர்’ என்பார்கள். காலையில் மருத்துவர் குழு சுற்றிவரும்போது கட்டிலருகே நின்று, “நரம்பியலுக்கு ப்ளூ லெட்டர் போய்விட்டதா? அதில் என்ன கேட்டிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். தாதியரை நச்சரித்துப் பயனில்லை. பாவம், நிபுணர் வரும் நேரம் அவர்கள் கையில் இல்லை.

நிபுணருக்கு வேண்டியது நீங்கள் கண்ணால் கண்டது. வலிப்பு வந்தபோது பெரியப்பா கை கால் உதறவில்லை. வெறித்துப் பார்த்தபடி உதட்டைச் சப்புக்கொட்டினார், வலக்கை சட்டை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. தாதியை அழைத்துவிட்டு அண்ணன் அதைக் கைப்பேசியில் படம்பிடித்தார். மறுநாள் வந்த நிபுணர் ஸ்கேனைப் பற்றிப் பேசும் முன் அந்தக் காணொளியை இரண்டு முறை பார்த்தார். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை (EEG) இயல்பாக வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று விளக்கியவரும் அவரே. வீட்டில் சாப்பிடும் மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிக் கொடுங்கள்.

‘சின்ன மருத்துவமனை, நல்ல நரம்பியல் நிபுணர் இருப்பாரா’ என்ற கவலை வேண்டாம். 1999இல் தொடங்கிய தேசிய நரம்பியல் கழகத்தின் நிபுணர்கள் சாங்கி, கூ டெக் புவாட் போன்ற மருத்துவமனைகளிலும் பணியாற்றுகிறார்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே தாதியிடம் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

தனியாருக்கு மாற்றுவதில் பணச் சிக்கலும் உண்டு. மானியம் உள்ள பி2 அல்லது சி வார்டிலிருந்து வீடு திரும்பினால் அதே மருத்துவமனையின் நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் மானியக் கட்டணத்தில் சிகிச்சையைத் தொடரலாம். வலிப்புக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். வெளியேறுவது என்றே முடிவு செய்தால், கையெழுத்துப் போடும் முன் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்துச் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.