பிரிந்தும் பிரியாத பதினேழு

கேள்வி: 67 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. ‘இதை உடைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்’ என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். உடைக்க முடியுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உடைப்பதைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கலாமா? கிரானைட் மலையைப் பாளம் பாளமாக அறுத்து அனுப்புகிற கிருஷ்ணகிரி மாவட்டம் உங்களுடையது. அந்த மாவட்டமே 2004-இல் எங்கள் தர்மபுரியை உடைத்துப் பிறந்ததுதானே! (1965-இல் சேலத்தை உடைத்து நாங்கள் வந்த கதையை இங்கே யாரும் கிளற வேண்டாம்.)

அந்த வருத்தத்தில் ஒருநாள் இரண்டு ஊர் பின்கோடையும் உடைத்துப் பார்த்தேன். கிருஷ்ணகிரி 635001 = 3 × 17 × 12451. தர்மபுரி 636701 = 13 × 17 × 43 × 67. பாகம் பிரித்த பிறகும் பொதுக்கிணறு மாதிரி பதினேழு இரண்டு பக்கமும் இருக்கிறது!

இதை எங்கள் ஊர் எண் ஜோதிடர் ஒருவரிடம் ஆசையாகச் சொன்னேன். அவருக்கு உடைக்கத் தெரியாது, கூட்டத்தான் தெரியும். “உங்களுக்கு அஞ்சு, புதன். அவங்களுக்கு ஆறு, சுக்கிரன். அதான் மாம்பழம் அவங்க பக்கம் போயிடுச்சு” என்றார். பத்திரிகைப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் விற்பனை கூடும் என்று முன்பு சொன்னவரும் இவரே. கூட்டினேன். அச்சுச் செலவு கூடியது.

சரி, உங்கள் எண்ணுக்கு வருகிறேன். 67 எங்கள் பின்கோடுக்குள் இருப்பதால் உரிமையோடு சொல்கிறேன்: உடையும். அது உடையாத பகா எண் என்று 1644-இல் எழுதிவைத்தார் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சேன். இல்லை என்று 1876-இல் நிறுவினார் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா. ஆனால் எதெதைப் பெருக்கினால் அது வரும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. திருட்டு நடந்தது உறுதி, திருடன் யாரென்று தெரியாது என்கிற நிலை. 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார் என்பார்கள். (நம் ஊர் மேடைகளில் இப்படி ஒருவரை எப்போது பார்ப்போமோ!) கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தனவாம்.

அப்புறம் ஒன்று. உங்கள் எண்ணையும் கோலின் இரண்டு எண்களையும் தனித்தனியே இலக்கம் கூட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் 1, சூரியன். ஜோதிடர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.