எல்லா ஸ்டாட்டும் 17 என்றால் எந்த வாளும் வெட்டாது

உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எல்டன் ரிங் வீடியோ கேமில் சாமுராய் பாத்திரம், லெவல் 60. வாள், மந்திரம், வில் எல்லாம் பாவிக்கும் ஆசையில் எட்டு ஸ்டாட்டுக்கும் (பாத்திரத்தின் பண்பு அளவுகள்) சமமாகப் புள்ளி போட்டேன். எல்லாம் 17, 18இல் நிற்கிறது. வாளின் மேம்பாடு +6. ரென்னாலா என்ற பொஸ்ஸை வென்றுவிட்டேன், ஆனால் அடுத்த பகுதியான அல்டஸ் பக்கம் போனால் இரண்டு அடியில் சாகிறேன். முதலிலிருந்து தொடங்கவா? ஒரே பில்டில் (புள்ளிப் பங்கீட்டில்) நின்றால் அலுத்துவிடாதா?"

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ரென்னாலாவிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் புள்ளிகளை மாற்றிப் போடலாம். காரியா மேனரில் இருக்கும் பிடியா என்ற வியாபாரியிடம் ஒன்று வாங்கலாம். இதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட முதல் டார்க் சோல்ஸ் கேமில் இந்த வசதியே இல்லை. அங்கே பிழையாகப் போட்ட புள்ளி போட்டதுதான்.

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகத்துக்கு ஏக்கர் கணக்கைக் குறைத்துத்தான் விதைப்பார்கள். எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் திறந்துவிட்டால் ஒரு வயலும் விளையாது. புள்ளிகளும் அப்படித்தான். சாமுராய்க்கு லெவல் 60இல் பங்கிட 51 புள்ளிகள் வரும். நான் சொல்லும் கணக்கு: விகர் (உயிர்) 12இலிருந்து 40, டெக்ஸ்டரிட்டி (லாவகம்) 15இலிருந்து 35, என்டியூரன்ஸ் (தாக்குப்பிடிப்பு) 13இலிருந்து 16. மற்றவை தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கட்டும். விகர் 40 என்றால் உயிர் 1450. இரண்டு அடியில் சாகும் பிரச்சினைக்கு மருந்து அதுதான். அடிக்கும் பலத்தைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். உயிரோடு நிற்காதவருக்கு அந்தப் பலம் எதற்கு?

அடுத்தது வாள். ஆயுத விவரத்தில் எஸ், ஏ முதல் ஈ வரை இருக்கும் எழுத்துகள்தான் ஸ்கேலிங்; எந்த ஸ்டாட் அந்த ஆயுதத்துக்கு எவ்வளவு பலம் சேர்க்கும் என்பதை அவை காட்டும். ஆயுதத்தை மேம்படுத்த மேம்படுத்த அதுவும் ஏறும். ஆகவே 60ஆம் லெவலில் +6 வாளோடு அல்டஸுக்குப் போவது உங்கள் பெரிய பலவீனம். சாதாரண ஆயுதம் +25 வரை போகும், மேம்படுத்த சோம்பர் கல் கேட்கும் சிறப்பு ஆயுதம் +10 வரை. சர்ச் ஒஃப் எல்லேயில் இருக்கும் பட்டறை +3ஓடு நின்றுவிடும். ரவுண்ட்டேபிளில் இருக்கும் கொல்லர் ஹியூவிடம் போங்கள். லெவலுக்கு ரூன் (கேமின் காசு) செலவழிப்பதை நிறுத்திக் கொஞ்ச நாள் மேம்பாட்டுக் கல் சேருங்கள்.

அலுப்பைப் பற்றிக் கேட்டீர்களே, உங்கள் கேள்வியில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். விதம்விதமாக ஆட ஸ்டாட்டைச் சிதறடிக்க வேண்டியதில்லை, ஆயுதத் திறனே அதைத் தரும். அதற்குத்தான் ஆயுதத்தில் பூட்டித் திறனை மாற்றும் ஆஷ் ஒஃப் வோர். கேட்ஃப்ரண்ட் ரூயின்ஸில் வெட்ஸ்டோன் நைஃப் எடுத்திருந்தால் எந்தக் கிரேஸிலும் (இளைப்பாறும் இடம்) காசில்லாமல் மாற்றலாம். உங்கள் உச்சிகத்தானா வாளின் அன்ஷீத் திறன் தனி ஆஷாகவும் கிடைக்கும். அதைப் பூட்டிக் 'கீன்' தன்மையைத் தெரிவு செய்தால் டெக்ஸ்டரிட்டி ஸ்கேலிங் கூடும், வாளை உறையில் வைத்துக் காத்திருந்து வெட்டும் ஆட்டமும் அப்படியே இருக்கும். இன்னொரு ஆஷ் போட்டால் அதே வாள் முற்றிலும் வேறு ஆட்டம் ஆடும். பெரும்பாலான திறன்கள் எஃப்பி (திறனுக்கான சக்தி) தின்னும் என்பதால் அதை நிரப்பும் நீலக் குடுவை ஒன்றிரண்டு கூட வைத்திருங்கள். சாமுராய் கையோடு கொண்டுவரும் லோங்போ வில்லும் டெக்ஸ்டரிட்டியில் ஏறுவதுதான், அதைக் கைவிட வேண்டாம். மந்திரத்தை மட்டும் இந்தச் சுற்றில் விடுங்கள். அதற்கு இன்டெலிஜன்ஸையே பிரதானமாக வைத்த தனி பில்ட் வேண்டும்.

பிறகு கனமான வாள் ஆசை வந்தால், கேலிட் பகுதியில் வண்டியொன்றின் பின்னால் கிடைக்கும் கிரேட்சோர்டை எடுங்கள். ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) 31 கேட்கும். ஆனால் இரண்டு கையால் பிடித்தால் உங்கள் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். 21 போதும்; சாமுராய்க்கு அது 12க்கு மேல் ஒன்பதே புள்ளி.