பன்னிரண்டரை மணிப் பசி

அன்புள்ள அக்கா,

நான் தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். காலை எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. மூணு மணிக்கு டப்பா சாப்பாடு, அதுவும் பத்து நிமிஷத்தில். வீடு வந்து சேர பத்தாகிவிடும். ராத்திரி சோறு சாப்பிட்டால் உடம்பு போடும் என்று, எல்லா வேலையும் முடித்து ஒரே ஒரு சப்பாத்தி. பன்னிரண்டரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. இருட்டில் சமையல்கட்டில் நின்றபடியே மிக்சர், பிஸ்கட், டீ. படுத்தால் நெஞ்செரிச்சல். மாமியார் ‘நாக்கை அடக்கு’ என்கிறார். எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த ‘அசிங்கம்’ என்ற வார்த்தையைத் தூக்கி எறியுங்கள். எட்டு மணி இட்லிக்கும் மூணு மணி டப்பாவுக்கும் நடுவே ஏழு மணி நேரம். அங்கிருந்து பத்து மணிவரை இன்னொரு ஏழு மணி நேரம். அப்புறம் ஒரு சப்பாத்தி. பகலில் கொடுக்காததை உடம்பு ராத்திரியில் எழுப்பிக் கேட்கிறது. இதில் நாக்கின் குற்றம் எதுவும் இல்லை.

அதனால் மாற்ற வேண்டியது சாயங்காலம் ஆறரை மணியை. வேர்க்கடலை, சுண்டல், அவித்த முட்டை, வாழைப்பழம், எது கையில் இருக்கிறதோ அது. கடையில் விடமாட்டார்கள் என்பீர்கள். தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு மணி நேர இடைவேளை தராமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். பத்து நிமிஷத்தில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுவது உங்கள் தலையெழுத்து இல்லை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட வேலை செய்கிற நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். பாத்திரம் காத்திருக்கும். சோறும் சாப்பிடலாம். ராத்திரி என்பதாலேயே ஒரு கப் சோறு உடம்பில் ஏறிவிடாது. நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. கூடப் பருப்போ முட்டையோ மீன் குழம்போ இருந்தால் பசி சீக்கிரம் திரும்பாது. பத்து மணிக்கே சாப்பிட்டுவிட்டால் படுக்குமுன் கொஞ்ச நேரமும் கிடைக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது என்பார்கள் மருத்துவர்கள். உங்கள் வேலை நேரத்தில் அது முழுசாக முடியாது. முடிந்தவரை தள்ளிப் படுங்கள், தலைமாட்டை உயர்த்தி, இடது பக்கம் ஒருக்களித்து.

நெஞ்செரிச்சலை நானும் பட்டிருக்கிறேன். பிராட்வேயில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்த காலத்தில், வேலை முடிந்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடாமல் ரயில் ஏறமாட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த ருசி அது. கையால் பிசைந்த நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு வடை. ராயபுரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுவேன். நடுராத்திரியில் புளிப்பும் காரமும் தொண்டைவரை வரும். எண்ணெய், காரம், புளிப்பு மூன்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உடனே படுத்தால் வேறென்ன ஆகும்? அத்தோவை விடவில்லை, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றினேன். எரிச்சல் போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு பன்னிரண்டரைக்கு முழிப்பு வந்தால்? ஆறின தயிர்சாதம் இருந்தால் சாப்பிடுவேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்று தோன்றினால் அது பசி. அரை கப் தயிர்சாதமோ ஒரு வாழைப்பழமோ, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். மிக்சர்தான் வேண்டும் என்றால் அது அலுப்பு. தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். அந்த டீ மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடும், மறுநாள் இன்னும் பசிக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பசியோடு தாகமும் இருந்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவரும் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவராகத்தான் இருப்பார். நாளைக்கு டப்பாவோடு ஒரு சின்ன டப்பாவில் சுண்டலும் போகட்டும்.

அன்புடன்,
அக்கா