வாசகர் கேள்வி – பதில்: ஹெக் வினையும் அதைக் கண்டவரும்

கேள்வி: முதுநிலை வேதியியல் படிக்கும் என் மகள் ‘ஹெக் வினை’ பற்றி அடிக்கடி பேசுகிறாள். அதற்காக நோபல் பரிசு பெற்றவர், அதைக் கண்டறிந்த காலத்தில் பேராசிரியராக இல்லை, நிறுவன ஊழியராக இருந்தார் என்கிறாள். உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: உண்மைதான். பல்லேடியம் என்ற உலோகத்தின் உதவியால், பென்சீன் போன்ற வளையத்தின் கார்பனை ஆல்கீனின் (இரட்டைப் பிணைப்புள்ள கரிமச் சேர்மம்) கார்பனுடன் பிணைப்பதே ஹெக் வினை. 1931-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த ரிச்சர்ட் ஹெக், லாஸ் ஏஞ்சலிஸில் முனைவர் பட்டமும் சூரிச்சில் மேற்பயிற்சியும் பெற்றபின், 1950-களின் இறுதியில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனிலிருந்த ஹெர்குலிஸ் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் கைவைத்தது பல்லேடியத்தில் அல்ல, கோபால்ட்டில். ஆல்கீன்களைக் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகியவற்றுடன் சேர்த்து ஆல்டிஹைடு தயாரிக்கும் முறை ஆலைகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது; ஆனால் கோபால்ட் உள்ளே என்ன செய்கிறது என்பது தெளிவாக இல்லை. டேவிட் பிரெஸ்லோவுடன் இணைந்து ஹெக் அதைப் படிப்படியாக விளக்கினார். பரிசு பெற்ற பணியைவிட இது குறைவாகவே பேசப்படுகிறது என்றாலும், பிறகு வந்தவற்றுக்கெல்லாம் அடித்தளம் இதுதான் என்பது என் கருத்து. உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பில் ஓர் ஆல்கீன் நுழைய முடியும் என்று கோபால்ட்டில் கண்டவர், பல்லேடியத்தில் அதையே எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

1968-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில், இந்தப் பல்லேடியப் பணி பற்றிய அவருடைய ஏழு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஏழுக்கும் அவர் ஒருவரே ஆசிரியர். அப்போது அவர் பயன்படுத்தியவை நச்சுத்தன்மை மிகுந்த அரைல் பாதரசச் சேர்மங்கள் (பென்சீன் போன்ற வளையம் பாதரசத்துடன் இணைந்தவை). மேலும், வினை முடியும்போது பல்லேடியம் தன் மின்சுமையை இழந்து உலோகமாகப் படிந்துவிடுவதால், அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தாமிரக் குளோரைடும் தேவைப்பட்டது. 1971-இல் டெலவேர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டே மாணவர் நோலியுடன் சேர்ந்து, பாதரசத்தை விலக்கிவிட்டு அரைல் அயோடைடையும் (அத்தகைய வளையம் அயோடினுடன் இணைந்தது) அமீன் என்ற காரம் ஒன்றையும் கொண்டு அதே பிணைப்பை உண்டாக்கிக் காட்டினார். அரைல் அயோடைடு, மின்சுமையற்ற பல்லேடியத்துடன்தான் வினைபுரியத் தொடங்குகிறது. ஆகவே முன்பு வினை எங்கே நின்றுபோனதோ அங்கிருந்தே புதிய சுற்று தொடங்கியது. உருவாகும் அமிலத்தை அமீன் ஏற்றுக்கொள்ள, மிகச் சிறிதளவு பல்லேடியமே மீண்டும் மீண்டும் பயன்பட்டது.

கேள்வி: சில நூல்களில் ‘மிசோரோகி–ஹெக் வினை’ என்று இருக்கிறதே, மிசோரோகிக்கு ஏன் பரிசு கிடைக்கவில்லை? (வாசகர், மதுரை)

பதில்: டோக்கியோவில் பணியாற்றிய சுதோமு மிசோரோகி, ஹெக்குக்கு ஓராண்டு முன்னதாகவே, 1971-இல், அரைல் அயோடைடு வகையைச் சேர்ந்த அயோடோபென்சீனைக் கொண்டு இவ்வினையை நிகழ்த்தி வெளியிட்டார். அவ்வெளியீட்டை ஹெக் தம் கட்டுரையில் குறிப்பிட்டே எழுதினார். ஆனால் மிசோரோகி 1980-இல் காலமானார். மறைந்தவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்படுவதில்லை. 2010-ஆம் ஆண்டின் பரிசு ஹெக், எய்-இச்சி நெகிஷி, அகிரா சுசுகி ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அறுபது வயது நிறைவதற்கு முன்பே, 1989-இல், பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட ஹெக், பரிசு அறிவிக்கப்பட்டபோது மனைவியின் நாடான பிலிப்பைன்ஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். 2015-இல் அங்கேயே மறைந்தார். முதற் கட்டுரைகளுக்கும் பரிசுக்கும் இடையில் 42 ஆண்டுகள். அதற்குள் அவருடைய வினை உலகெங்கும் ஆய்வகங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டிருந்தது என்பதால், இதைப் பாராட்டில் நேர்ந்த தாமதம் என்று சொல்லலாமே தவிர, புறக்கணிப்பு என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாம் விழுங்கும் மாத்திரைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உலோகம் மருந்தில் தங்கிவிடாதா? (வாசகர், கோவை)

பதில்: உண்டு. வலிநிவாரணியான நாப்ராக்சனை ஆலையில் தயாரிக்கும் வழிகளுள் ஒன்றில், நாப்தலீன் வழிவந்த ஒரு புரோமைடுடன் எத்திலீனை இணைக்கும் படி ஹெக் வினையே. ஆஸ்துமா மருந்தான மான்டெலுகாஸ்ட் தயாரிப்பிலும் அது பயன்பட்டிருக்கிறது. வேதியியலாளர் டானிஷெஃப்ஸ்கியின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட, புற்றுநோய் மருந்தான டாக்சாலின் முழுத் தொகுப்பில் (எளிய சேர்மங்களிலிருந்து படிப்படியாக ஆய்வகத்தில் உருவாக்குவதில்), ஒரே மூலக்கூறின் இரு பகுதிகளை வளையமாக இணைக்க இவ்வினை கைகொடுத்தது. தங்கள் இரண்டாவது ஐயமும் நியாயமானதே: பல்லேடியத்தின் எச்சம் தங்கத்தான் செய்யும். ஆகவே உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் சிறப்புப் பொருள்களாலும், மறுபடிகமாக்கலாலும் (கரைத்து மீண்டும் படிகமாக்குதல்) அதை நீக்குகிறார்கள். வாய்வழி மருந்துகளில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் உடலில் சேரக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுநெறி. இக்காரணத்தாலேயே தொழிற்சாலைகள் பல்லேடியப் படியைத் தொகுப்பின் கடைசியில் வைக்காமல், கூடியவரை முன்னதாகவே முடித்துக்கொள்ள விரும்புகின்றன.