முடக்குவாதம் உள்ள அம்மாவை சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன். போன இடத்தில் வலி கிளம்பிவிட்டால் என்ன செய்வது?

எனக்கு 11 வருடமாக முடக்குவாதம். மூட்டுகள் வீங்கி இறுகிப்போகிற நோய், டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். ஊர் திருச்சி. போன வருடம் சிங்கப்பூரில் யீஷூன் பகுதியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மூன்று வாரம் தங்கப் போயிருந்தேன். நாலாம் நாள் காலையிலேயே வலி கிளம்பிவிட்டது. அதனால் உங்கள் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

அடுத்த மாதம் பத்து நாள் அக்கா வீட்டில் தங்கப்போவதாகவும், அம்மாவுக்கு வலி வந்தால் எங்கே காட்டுவது, என்ன மருந்து கையில் வைத்துக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சொல்கிறேன். ஆனால் நடுவில், "அம்மா வலியை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மருந்தை விட அதுதான் பெரிய விஷயம். ஏனென்றால் நானும் சொல்லவில்லை.

திருச்சியிலிருந்து ராத்திரி விமானம். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வந்ததில் தூக்கமே இல்லை. அங்கே கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்கினால் விடிந்திருந்தது. தங்கை லீவு போட்டிருந்தாள், அவள் பையனுக்கும் பள்ளி விடுமுறை. அன்றைக்கே லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில். மறுநாள் கார்டன்ஸ் பை தி பே என்ற பெரிய பூங்கா. அங்கே கிளவுட் ஃபாரஸ்ட் என்று கண்ணாடிக் கூடாரத்துக்குள் 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கை மலை இருக்கிறது. மேலே லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள், இறங்குவது சுற்றிச் சுற்றி நடந்துதான். வெளியே வேர்த்துக் கொட்டுகிற புழுக்கம், உள்ளே குளிர். பாதி இறக்கத்தில் இரண்டு முழங்காலும் கனக்க ஆரம்பித்துவிட்டன. விரலால் கைப்பிடியைப் பற்ற முடியாமல் மணிக்கட்டை அதன்மேல் வைத்து அழுத்தி அழுத்தி இறங்கினேன். படம் எடுக்கிற சாக்கில் நாலு இடத்தில் நின்றேன். "அக்காவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று தங்கை அவள் வீட்டுக்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எப்படி வாய் திறப்பது? மூன்றாம் நாள் சென்டோசா தீவுக்கும் போனேன்.

நாலாம் நாள் காலை ஐந்தரை மணி இருக்கும். எல்லோரும் எழுவதற்குள் காப்பி போட்டுவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். காப்பித்தூள் பாட்டில் மூடி திறக்கவில்லை. வலது கையின் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் கணுவில் வீங்கிப் பளபளவென்று இருந்தன, மடக்கவே வரவில்லை. பாட்டிலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, துணியைச் சுற்றி, இரண்டு உள்ளங்கையாலும் திருகிப் பார்த்தேன். நழுவி விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு வந்த தங்கை பாட்டிலை எடுக்கவில்லை. "கையைக் காட்டுக்கா" என்றாள். காட்டினேன். "எத்தனை நாளா?" "முந்தா நாள்லேருந்து." அவள் அழுதுவிட்டாள். "டிக்கெட் காசு போனாப் போகுது, என்கிட்ட சொல்றதுக்கு என்னக்கா?"

அந்த இரண்டு நாளும் நான் உடம்போடு போராடியதை விட, முகத்தில் காட்டாமல் இருக்கப் போராடியதுதான் அதிகம். அந்தத் தெம்பை மிச்சம் பிடித்திருந்தால் வலி அந்த அளவுக்குப் போயிருக்காது என்று இப்போதும் நம்புகிறேன். நம் வீட்டில் இருந்தால் வலி வந்த அன்றைக்குப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம். விருந்தாளியாகப் போன வீட்டில் அது வராது. "நம்மால அவங்க லீவு வீணாகுதே" என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் பேசுங்கள். இரண்டு நாள் வெளியே போனால் ஒரு நாள் வீட்டில்தான் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். அம்மா சொல்லித்தான் ஓய்வு என்றால் அவர் கேட்கவே மாட்டார். திட்டத்திலேயே ஓய்வு இருந்துவிட்டால் யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, வலி கிளம்பிவிட்டது, அன்றைக்கு என்ன செய்வது? முதலில் வெந்நீர். காலையில் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கும்போது வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நின்றாலே விரல் கொஞ்சம் பேச்சுக் கேட்கும். தங்கை அவள் பையனின் சுத்தமான பள்ளிக் காலுறை ஒன்றில் இரண்டு ஆழாக்கு அரிசியைப் போட்டு முடிந்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தாள். சோறு வேகிற மாதிரி மணத்தோடு அது தோள்பட்டையில் கிடந்த சுகத்தை இன்னும் மறக்கவில்லை. ஆனால் மூட்டு சிவந்து, தொட்டாலே சுடுகிற மாதிரி வீங்கியிருந்தால் அதன்மேல் சூடு வேண்டாம். ஃப்ரீசரில் இருக்கும் பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். இறுக்கத்துக்குச் சூடு, வீக்கத்துக்குக் குளிர்ச்சி என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கோடாலித் தைலம். சிங்கப்பூர் என்றாலே நம் ஊர்க்காரர்களுக்கு அதுதானே, யார் வந்தாலும் ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பார்கள். தடவினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், நானும் தடவினேன். தைலம் தடவிய இடத்தில் சூடான ஒத்தடம் மட்டும் வைக்கக் கூடாது, தோல் வெந்துபோகும்.

முழுக்கப் படுத்தே கிடக்கவும் கூடாது. மணிக்கொரு தடவை எழுந்து அறைக்குள் நாலு நடை, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுவது, அவ்வளவு போதும். ஏசிக் காற்று நேராகப் படாத இடமாகப் பார்த்துப் படுக்கை போடச் சொல்லுங்கள். எனக்கு ஒரு பருத்திப் போர்வையும் மின்விசிறியும் போதுமாக இருந்தன.

ஊர் டாக்டருக்கு வாட்சப்பில் கையைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, தானாக எதையும் கூட்டிக்கொள்ளாமல் அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னார். அங்கே பல இடங்களில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலேயே தனியார் கிளினிக் இருக்கும். பலதுறை மருந்தகம் என்று சொல்கிற அரசு பாலிகிளினிக்கிலும் பார்ப்பார்கள். ஆனால் சலுகைக் கட்டணம் அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நமக்கு இல்லை. நான் பக்கத்து புளோக் கிளினிக்குக்குப் போனேன். மருந்தோடு சேர்த்து 60 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) முடிந்தது. நம் ஊர் மாதிரி சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓட வேண்டியதில்லை, மருந்தை அங்கேயே பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

டாக்டர் முதலில் காய்ச்சல் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. நான் வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவள். அது நோய் எதிர்ப்பை அடக்குகிற மருந்து. தொற்று ஏதும் இருந்தால் அந்த வாரம் அதை நிறுத்தி வைக்கச் சொல்வார்களாம். காய்ச்சல் இல்லை. சில நாளுக்கு மட்டும் குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார், என் ஊர் டாக்டரும் சரி என்றார். மூன்றாம் நாள் காப்பி டம்ளரைப் பிடிக்க முடிந்தது. ஸ்டீராய்டு உங்கள் அம்மாவுக்கும் சரிவருமா என்பது சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று யார் கொடுத்தாலும் வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் அம்மாவும் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவராக இருந்தால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வலி கூடிவிட்டதே என்று அதை இன்னொரு நாளும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. வார மாத்திரையைத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தாகிப்போனவர்கள் உண்டு. வெளியூரில் கிழமை குழம்பும். அதனால் கைபேசியில் அலாரம் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், சளிக்கோ சிறுநீர்க் கடுப்புக்கோ போனாலும், இந்த மருந்தின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டிரைமெத்தோபிரிம் என்ற கிருமிக்கொல்லி இதோடு சேரவே கூடாது.

பாரசிட்டமால் அங்கே பனடோல் என்ற பெயரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் ஊரில் 650 மில்லிகிராம் போட்டுப் பழகியிருப்போம், அங்கே சாதாரணமாகக் கிடைப்பது 500. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் உச்சம். கல்லீரலில் தொந்தரவு இருந்தால் இன்னும் குறைவு, அதை டாக்டரிடம் கேளுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. வலிக்குத் தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் மருந்துக்கடைகளில் கிடைக்கும். மற்றபடி நம் ஊர் மெடிக்கலில் பெயர் சொல்லி வாங்குகிற பல மாத்திரைகள் அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அதனால் பத்து நாளுக்குப் பதினைந்து நாள் மருந்தாக எடுத்துப் போங்கள். எல்லாமே கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. சீட்டில் நம் ஊர்க் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும்தான் இருந்தது. அது அந்த டாக்டருக்குப் புரியாமல் கைபேசியில் தேடித் தேடிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொன்று. கோடீன், மார்ஃபின் வகையிலான வலி மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் இவற்றைக் கொண்டுபோக சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்னனுமதி வாங்க வேண்டி வரலாம். ஆணையத்தின் இணையதளத்தில் மருந்து வாரியாக விவரம் இருக்கிறது, இப்போதே பார்த்துவிடுங்கள். 'விஜயா' என்ற பெயரில் கஞ்சா இலைச் சத்து சேர்த்த ஆயுர்வேத வலி எண்ணெய்களும் இங்கே விற்கிறார்களே, அம்மா அப்படி ஏதாவது தடவுகிறாரா என்று பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அதைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை.

விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா வேண்டாம் என்பார். நானும் போகும்போது வேண்டாம் என்றேன், சாங்கி விமான நிலையத்தில் நடந்த நடை இருக்கிறதே! திரும்பும்போது கேட்டு வாங்கிக்கொண்டேன். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா என்று படித்துப் பார்த்து எடுங்கள், பல பாலிசிகளில் தர மாட்டார்கள். எம்ஆர்டி என்கிற நகர ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, ரயிலில் முன்னுரிமை இருக்கைகளும் உண்டு. வெளியே பார்த்தால் நோயாளி மாதிரி தெரியாதே என்று கூச்சமாக இருந்தால், நிலையத்தின் பயணிகள் சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உட்கார இடம் கேட்கும் ஒட்டு வில்லை ஒன்று தருகிறார்கள். நான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உடையில் ஒட்டிக்கொண்டேன், ஒரு சீனப் பெரியவரே எழுந்து இடம் கொடுத்தார்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிச் சுட்டு, கூடவே காய்ச்சலும் குளிரும் வந்தால் அது மூட்டுக்குள் தொற்றாக இருக்கலாம். விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவமனை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 995-க்கு அழையுங்கள், அது ஆம்புலன்ஸ் எண்.

அந்தக் காப்பி பாட்டில் விழுந்த நாளிலிருந்து தங்கை பையன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். தினமும் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பெரியம்மா, இன்னிக்கு வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பான். ஏழு என்றால் வீடு. ஐந்து என்றால் சாயங்காலம் கீழ்த்தளத்துப் பெஞ்சு வரைக்கும். நாலுக்குக் கீழே என்றால்தான் ரயில். நான் குறைத்துச் சொன்னால் என் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். "எப்படி இருக்கு" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வாயில் வரும். எண்ணைக் கேட்டால் பொய் சொல்ல வரவில்லை. உங்கள் அக்கா வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

அம்மாவிடம் பேசிவிட்டு, மெத்தோட்ரெக்ஸேட் எந்தக் கிழமை, அதோடு ஊசி ஏதும் போடுகிறாரா என்று எழுதுங்கள். குளிரில் வைக்க வேண்டிய ஊசியாக இருந்தால் விமானத்தில் கொண்டுபோவதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். என் தோழி ஒருவர் அப்படிக் கொண்டுபோய்த் திரும்பியிருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.